நியூட்ரினோ சிதைவும் 50 மைக்ரான் ஒளியும்: கேட்டவற்றுக்குப் பதில்

ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகக் குழு முன்னின்று நடத்தும் கோபேண்ட் திட்டம் பற்றித்தான் எல்லாக் கேள்விகளும். பெருவெடிப்பில் பிறந்த நியூட்ரினோ (மின்னூட்டமில்லாத, மிக மிக இலேசான அடிப்படைத் துகள்) சிதைந்தால் வரும் அகச்சிவப்பு ஒளியைப் பிடிக்க, மீக்கடத்தியில் (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருள்) ஒரு கருவி செய்து ராக்கெட்டில் மேலே அனுப்புவதுதான் யோசனை.

செல்வி: நியூட்ரினோ என்றால் பூமிக்கடியில் பெரிய தண்ணீர்த் தொட்டிதானே? இங்கே ஏன் அகச்சிவப்பு?

தொட்டியெல்லாம் சூரியனிலிருந்து வருவது போன்ற வேகமானவற்றுக்கு. இந்தப் பழசுகள் 1.95 கெல்வினுக்கு (மைனஸ் 271 டிகிரி செல்சியஸ்) ஆறிப்போனவை, ஒரு கன சென்டிமீட்டரில் முந்நூற்றுச் சொச்சம் இருந்தும் தொட்டியில் ஒரு பொறி கிளம்பாது. அதனால் சுற்றுவழி: கனமான வகை இலேசான வகையாக மாறினால் ஒரு ஃபோட்டான் (ஒளித்துகள்) வரும். கனமானதன் நிறையை 50 மில்லி எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையையும் ஆற்றலையும் அளக்கும் அலகு) என்று வைத்தால் ஃபோட்டானின் ஆற்றல் 25, அலைநீளம் 50 மைக்ரான்.

கார்த்தி: சிலிக்கான் சென்சார் போதாதா?

சிலிக்கானில் ஒரு எலக்ட்ரானைக் கிளப்பவே 1100 மில்லி எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், நம்மிடம் இருப்பது 25. மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக இருக்கும், நியோபியம் என்ற உலோகத்தில் ஒரு ஜோடியைப் பிரிக்க 3 போதும், அலுமினியத்தில் அதைவிட ரொம்பக் கம்மி. இரண்டு மீக்கடத்திப் படலங்களுக்கு நடுவே ஓரிரு நானோமீட்டர் ஆக்சைடு. பிரிந்த எலக்ட்ரான்கள் அதை ஊடுருவிக் கடக்கும் மின்னோட்டம்தான் சிக்னல். நியோபியத்தின் உட்புறம் அலுமினியம் வைப்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது: பள்ளத்தில் தண்ணீர் தேங்குவதுபோல எலக்ட்ரான்கள் அங்கே மாட்டிக்கொண்டு பலமுறை இங்குமங்கும் கடக்கும், சிக்னல் பெருகும்.

கார்த்தி (மறுபடியும்): அப்புறம் என்னதான் சிக்கல்?

கசிவு மின்னோட்டம். ஒளியே விழாதபோதும் ஓடும் அந்தச் சனியனை 100 பிகோ ஆம்பியருக்குக் கீழே இறக்க வேண்டும், 0.3 கெல்வின் வரை குளிர்விப்பது அதற்காகத்தான். சரி, குளிர்வித்தாயிற்று, ஆனால் சிக்னல் பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்) வெளியே அறை வெப்பத்தில் இருந்தால் நடுவிலுள்ள நீளக் கம்பியின் இரைச்சலே சிக்னலை விழுங்கிவிடும். எனவே பெருக்கியையும் உள்ளே கொண்டுபோக வேண்டும், ஆனால் வழக்கமான டிரான்சிஸ்டர் அந்தக் குளிரில் ஒழுங்காக நடக்காது. மின்காப்பு அடுக்கின்மேல் மெல்லிய சிலிக்கான் படலம் போட்டுச் செய்ததை (எஸ்ஓஐ என்பார்கள்) இயக்கிக் காட்டினார்கள். என்னைக் கேட்டால் மொத்தத் திட்டத்திலும் அழகான வேலை இதுதான்.

பெயர் சொல்லாத ஒருவர்: ராக்கெட் எதற்கு?

காற்றிலுள்ள நீராவி இந்த ஒளியை வழியிலேயே உறிஞ்சிவிடும். 200 கிலோமீட்டர் உயரத்தில் 200 விநாடி பார்ப்பது என்று திட்டம். மேலே போனாலும் சூரியக் குடும்பத் தூசியின் வெப்ப ஒளி இருக்கிறது, அதுதான் பெரிய தொல்லை.

செல்வி: கிடைக்குமா?

ஜப்பானின் அகாரி அகச்சிவப்புச் செயற்கைக்கோள் தரவுப்படி நியூட்ரினோவின் ஆயுள் 3 லட்சம் கோடி ஆண்டுக்குக் குறையாது. வழக்கமான கோட்பாட்டில் 1-க்குப் பின்னால் 43 சைபர் போட்ட அத்தனை ஆண்டுகள். இடது-வலது சமச்சீர்க் கோட்பாட்டில் (இயற்கை இடதையும் வலதையும் அடிப்படையில் சமமாக நடத்துகிறது என்னும் மாற்றுக் கோட்பாடு) 17 சைபர் வரை இறங்கலாம். ராக்கெட் எட்டுவது சுமார் 14 சைபர் வரைதான். அதில் கிடைக்காது என்றே நினைக்கிறேன். ஹாஃப்னியம் என்ற வேறொரு மீக்கடத்தியில் கருவி செய்து செயற்கைக்கோளில் அனுப்பினால்தான் பேச்சு.

முருகன்: தேனி ஐஎன்ஓவும் (இந்திய நியூட்ரினோ ஆய்வுக்கூடம்) இதுவும் ஒன்றா?

இல்லை. அங்கே திட்டமிட்டது 50,000 டன் இரும்புக் கருவி, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவுக்கு. எந்த வகை கனமானது என்ற வரிசையைக் கண்டுபிடிப்பது அதன் நோக்கம். அந்த வரிசை தெரிந்தால் இங்கே எது எதுவாகச் சிதையும் என்பதும் தெளிவாகும், தொடர்பு அவ்வளவுதான்.