குப்பையில் கிடக்கும் ரேஸ் சைக்கிள் பிரேமை எடுத்து ஓட வைக்க முடியுமா?

கேள்வி: "எங்கள் குடியிருப்பின் பின்புறம் யாரோ பழைய ரேஸ் சைக்கிளின் வெறும் பிரேமைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். துருப்பிடித்திருக்கிறது. ஓட்டுகிற வண்டியாக்க முடியுமா? புதிது வாங்குவதைவிட மலிவாக முடியுமா?"

முடியும். மலிவாக முடியாது. நான் செலவழித்த கணக்கைக் கீழே எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்த பிறகும் ஆசை மிச்சமிருந்தால் எடுங்கள்.

நான் புதுச்சேரிக்காரன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காயலான் கடையில், கழற்றிப் போட்ட மின்விசிறிகளுக்கு அடியில் நீல நிறக் குழாய் ஒன்று தெரிந்தது. இழுத்துப் பார்த்தால் பெஜோ என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் பிரேம், ஃபோர்க்கோடு. "கார்போலைட் 103" என்ற ஒட்டுத்தாள் பாதி கிழிந்த நிலையில் இருந்தது. அது பெஜோவின் உயர்ந்த ரகம் அல்ல. ரெனால்ட்ஸ் 531 குழாயில் செய்த பிஎக்ஸ்-10தான் அவர்களுடைய பந்தய வண்டி. கார்போலைட் சாதாரண மக்களுக்கானது. இங்கே பிரெஞ்சு ஆட்சி 1954இலேயே முடிந்துவிட்டது, இந்தப் பிரேமோ 70களின் கடைசியைச் சேர்ந்தது என்பது என் கணிப்பு. யார் கொண்டுவந்து, யார் விட்டுப்போனார்களோ. கடைக்காரர் தராசில் போட்டார், மூன்றரைக் கிலோ. இரும்பு விலைக்கு நூற்றுச் சொச்சம்தான் ஆகும். என் முகத்தைப் பார்த்துவிட்டு 500 என்றார். இந்தத் தொழிலில் முகத்தை மறைக்கத் தெரிய வேண்டும், எனக்குத் தெரியவில்லை.

உங்கள் பிரேமுக்கு வருகிறேன். முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, மேலே யோசிக்கலாம். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம் அல்லது கார்பன். அலுமினியம் வளைந்திருந்தால் நிமிர்த்தி நம்ப முடியாது, விரிசல் இருந்தால் கதை முடிந்தது. கார்பனில் உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. யாரோ தூக்கிப் போட்ட கார்பன் பிரேமில் நான் ஏறமாட்டேன்.

இரும்பு என்றால் துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மேல்துரு உப்புத்தாளுக்கும் எண்ணெய்க்கும் அடங்கிவிடும். பயப்பட வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, பெடல் அச்சு நுழையும் கூட்டின் அடிப்பாகம். பிரேமுக்குள் இறங்கும் தண்ணீரெல்லாம் அங்கேதான் தேங்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திக் குத்துங்கள். உள்ளே போனால் விட்டுவிடுங்கள். இன்னொன்று, ஹேண்டில்பார் நுழையும் குட்டைக் குழாய்க்குச் சற்றுப் பின்னால், மேல்குழாய், கீழ்க்குழாய் இரண்டின் அடிப்பக்கம். விரலால் தடவுங்கள். சிறு மடிப்போ, குறுக்கே வெடித்த பெயின்டோ தட்டுப்பட்டால் அந்த வண்டி எங்கேயோ நேராகப் போய் மோதியிருக்கிறது.

பிறகு ஒரு நூல். பின்சக்கர அச்சு உட்காரும் பிளவு ஒன்றில் நூலைக் கட்டி, முன்னே குட்டைக் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கப் பிளவில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளக்க வேண்டும். எனக்கு ஒரு பக்கம் 28 மி.மீ., மறுபக்கம் 29. அது போதும். நான்கைந்து மி.மீ. வித்தியாசம் வந்தால் பின்பகுதி கோணிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இவ்வளவும் தேறிய பிறகும் என்னை நான்கு மாதம் அலையவிட்டது துரு அல்ல, மரை. இணையத்தில் பெயின்ட் அடிப்பதைப் பற்றி ஆயிரம் பேர் பேசுகிறார்கள், மரையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். ஓவராயில் என்றால் வண்டியைப் பிரித்துச் சாக்கில் பரப்பி, ஒரு குண்டுகூடக் குறையாமல் மறுபடி பூட்டிவிடுவார். பெடல் தண்டான கிராங்கை அச்சோடு பிடித்து நிறுத்தும் காட்டர் பின்னைத் தட்டி எடுத்து, கிராங்கைக் கழற்றினார். பெடல் அச்சைத் தாங்க, கூட்டின் இரு பக்கமும் மரையில் திருகியிருக்கும் கிண்ணத்துக்கு பி.பி. கப் என்று பெயர். இடப்பக்கத்துக் கப் வந்துவிட்டது. வலப்பக்கத்துக் கப் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்தார். மறுநாள் ஸ்பேனரில் இரண்டடி இரும்புக் குழாயைச் செருகி, கடிகாரம் சுற்றும் பக்கமாக, இருவரும் சேர்ந்து அழுத்தினோம். ஸ்பேனர்தான் வழுக்கியது. "தம்பி, இது வராது. எடைக்கே போட்டுவிடுங்கள்" என்றார்.

நம் ஊர் சைக்கிள்கள் எல்லாம் ஆங்கிலேய அளவில் பிறந்தவை. அதில் வலப்பக்கக் கப்புக்கு இடது மரை; கடிகாரப் பக்கம் திருப்பினால்தான் கழலும். அவர் கை நாற்பது ஆண்டுகளாக அப்படித்தான் திரும்பியிருக்கிறது. பழைய பிரெஞ்சு அளவில் இரண்டு பக்கமும் வலது மரை. அதாவது, நாங்கள் இரண்டு பேரும் உயிரைக் கொடுத்து அதை இன்னும் முடுக்கிக்கொண்டிருந்தோம். இரவு வீட்டில் கழற்றிய கப்பைத் துடைத்தபோது ஓரத்தில் "35 × 1" என்று பொறித்திருப்பது தெரிந்தது. 35 மி.மீ. விட்டம், ஒரு மி.மீ. மரை. ஆங்கிலேயக் கப் என்றால் அங்குலக் கணக்கில் 1.37 × 24 என்று இருக்கும்; 24 என்பது அங்குலத்துக்கு இத்தனை மரை என்ற கணக்கு. என் மனைவி அதற்கு முன்பே, காயலான் இரும்புக்காக ஞாயிறுதோறும் காணாமல் போகிறவனுக்கு மரை கழன்றுவிட்டது என்று சொல்லியிருந்தாள். கழன்றால்தான் பரவாயில்லையே!

மறுநாள் லேத்துப் பட்டறைக்குப் போனோம். கப்பின் இரண்டு தட்டையான விளிம்புகளையும் பெஞ்ச் வைஸில் இறுக்கி, பிரேமைப் படுக்கவைத்து, அதையே நெம்புகோலாகப் பிடித்து எதிர்ப்பக்கம் சுற்றினோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு காய்ந்த கட்டை முறிவதைப்போல ஒரு சத்தம். கால் சுற்று வந்தது, அதன்பின் விரலாலேயே கழன்றது. உள்ளே இருந்து செம்மண் குழம்புபோல் துருவும், என்றைக்கோ செத்த ஒரு வண்டும் விழுந்தன. கடைக்காரர் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுச் சுற்றித் தடவிவிட்டு, "மரை நன்றாக இருக்கிறது" என்றார். வைத்தியர் நாடி பார்த்துச் சொல்வதைப்போல.

பிரெஞ்சு மரைக்குப் புதிய கப் கடைத்தெருவில் கிடைக்காது. ஆகவே பழைய கப்பை எக்காரணம் கொண்டும் உடைத்துவிடாதீர்கள். என்னுடையதில் தேய்மானம் லேசாகத்தான் இருந்தது. புதிய கிரீஸ் வைத்து, பக்கத்துக்குக் கால் அங்குலக் குண்டு 11 போட்டதும் ஓசையில்லாமல் சுற்றியது. குண்டுக்கு மட்டும் நாட்டு வேற்றுமை இல்லை. காட்டர் பின்னுக்கு உண்டு: நம் ஊரில் கிடைத்தது 9.5 மி.மீ., பிரெஞ்சு கிராங்குக்கு வேண்டியது 9. லேத்தில் கொடுத்து இழைத்து வாங்கினேன். ஹேண்டில்பார் தண்டிலும் இதே தகராறு. ஃபோர்க்குக்குள் போக வேண்டியது 22.0 மி.மீ., கிடைத்தது 22.2. அந்தப் பத்தில் இரண்டு மி.மீட்டரை உப்புத்தாளால் தேய்த்தே இரண்டு மாலைப்பொழுது போயிற்று.

கியர் வேண்டாம் என்று முன்பே முடிவு செய்துவிட்டேன். எங்கள் ஊர் தட்டை. பின்பக்க இடைவெளி 120 மி.மீ.; இப்போதைய கியர் சக்கரங்களுக்கு 130 அல்லது 135 வேண்டும். இரும்புப் பிரேமை நிதானமாக விரிக்கலாம், செய்பவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் துணிவில்லை. 120 அகல ஒற்றைப் பல்சக்கர ஹப் வாங்கி, 700சி ரிம்மில் 36 கம்பி போட்டுக் கடைக்காரரே பின்னிக் கோட்டம் எடுத்தார். முன்னே 40 பல், பின்னே 16. பழைய பிரேம்களில் பின் பிளவு கிடைவாட்டில் நீளமாக இருக்கும். சக்கரத்தைப் பின்னால் இழுத்தே செயினை இறுக்கிவிடலாம். பிளவு செங்குத்தாக இருந்தால் இந்த வசதி கிடையாது, கியர் இல்லாமல் ஓட்டச் செயினை இறுக்க வேறு உறுப்பு மாட்ட வேண்டும்.

பெயின்ட் அடிக்கவில்லை. துருப்பிடித்த இடங்களைத் தேய்த்து ரெட் ஆக்சைடு தொட்டுவைத்தேன், குழாய்க்குள் எண்ணெய் ஊற்றிக் கவிழ்த்தேன். அவ்வளவுதான். அந்த நீலத்தையும் பாதி ஒட்டுத்தாளையும் அழித்துவிட்டுப் பளபளவென்று ஆக்குவதாக இருந்தால் புது வண்டியே வாங்கியிருக்கலாம்.

கணக்கு: பிரேம் 500. சக்கரங்கள், டயர், டியூப் சேர்த்து 4,200. பிரேக்கும் ஒயரும் 1,400. ஹேண்டில்பாரும் தண்டும் 1,100. சீட் 600. செயின், ஃப்ரீவீல் 500. லேத்துக்கு 150. கடைக்காரர் கேட்டது 800, நான் கொடுத்தது 1,200. ஆக மொத்தம் 9,650 ரூபாய். இந்தப் பணத்துக்குக் கியரோடு புது சைக்கிளே கிடைக்கும். காலையில் ஊசுட்டேரி வரை போய்த் திரும்புகிறேன்; ஒருமுறை மாமல்லபுரம் வரை போய்விட்டு, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன். குற்றம் வண்டியுடையது அல்ல, என் முழங்காலுடையது.

இன்னொன்று. எடுப்பதற்கு முன் குடியிருப்புக் காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்; பெயின்ட் அடிக்க வெளியே சாத்திவைத்த பிரேமாகவும் இருக்கலாம். எடுத்த பிறகு, கப்பில் என்ன எண் பொறித்திருக்கிறது என்று பார்த்து இங்கேயே எழுதுங்கள். அதற்கு முன் எந்தக் கடையிலும் அதை எந்தப் பக்கமும் திருப்பவிட வேண்டாம்.