பத்திரிகையில் பெயர் கீழே போனால்…

கேள்வி: பகுத்தறிவுப் புத்தகங்கள் நிறைய படித்தவன் நான். ஜாதகம், ராகுகாலம் எதுவும் பார்ப்பதில்லை. ஆனால் தங்கை மகன் காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் வரிசையில் என் பெயரைத் தம்பி பெயருக்குக் கீழே போட்டுவிட்டார்கள் என்று இரண்டு வருஷமாக அவள் வீட்டுப் படி ஏறவில்லை. இந்த விஷயத்தில் மட்டும் என் அறிவு எங்கே போகிறது?
— ஒரு வாசகர், மேலூர்

பதில்: அடுத்தவர் நம்பிக்கையைக் கேள்வி கேட்டே பழகிவிட்டது, உங்களைக் கேட்க அதற்குக் கூச்சம். எனக்கும் அப்படித்தான்.

தெக்கார்த் என்ற பிரெஞ்சுத் தத்துவஞானி 1641-ல் வெளியிட்ட புத்தகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுப் பார்த்து, சந்தேகப்படுகிற 'நான்' இருப்பதை மட்டும் சந்தேகிக்க முடியவில்லை என்றார். சரி, நீங்கள் இருப்பது உங்களுக்கும் தெரியும், தங்கைக்கும் தெரியும், பிரச்சினையே அதுதானே. உங்களுக்கு அவருக்குப் பின்னால் வந்த ஸ்பினோசாதான் சரிப்படுவார். 23 வயதில் ஆம்ஸ்டர்டாமில் சொந்த யூத சமூகமே தள்ளிவைத்தது, அப்புறம் கண்ணாடி வில்லை தேய்த்துப் பிழைத்தார், ஆகவே உறவு முறிவது என்றால் என்னவென்று தெரிந்த மனிதர். 1677-ல் அவர் இறந்த பிறகு வந்த 'எதிக்ஸ்' நூலில், கோடுகளையும் தளங்களையும் ஆராய்கிற மாதிரியே மனித உணர்ச்சிகளையும் ஆராயப்போவதாகச் சொல்கிறார். வெறுப்பு என்றால் என்ன? ஒரு வருத்தம், கூடவே 'இதற்குக் காரணம் இன்னார்' என்ற எண்ணம். அவ்வளவுதான்.

உங்கள் கணக்கை இதில் போட்டுப் பாருங்கள். வருத்தம் நிஜம். காரணம் தங்கைதானா? பெயர் வரிசையை எழுதிக் கொடுத்தது மாப்பிள்ளை வீட்டாராக இருக்கலாம், அச்சகத்தில் மாறியிருக்கலாம், கேட்டீர்களா? இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள்: தம்பி உங்களைவிடக் கூடுதலாகச் சீர் செய்தாரோ? அப்படியானால் அந்த வருத்தம் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே இருந்தது, தங்கை தலையில் விழுந்தது பிறகுதான். தெளிவாகப் புரிந்துகொண்ட உணர்ச்சி நம்மை ஆட்டிவைப்பதை நிறுத்திவிடும் என்பது ஸ்பினோசாவின் கட்சி.

ஆனால் அவரே இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறார், எனக்கு அவரைப் பிடிப்பதே அதனால்தான்: உண்மை தெரிந்துவிட்டது என்பதற்காக மட்டும் உணர்ச்சி அடங்காது, அதைவிட வலுவான இன்னொரு உணர்ச்சிதான் அதை அடக்கும். உங்களுக்கு அது யார் என்று நான் சொல்ல வேண்டுமா? உங்கள் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டிருக்க வேண்டிய பயல் இரண்டு வருஷம் வளர்ந்திருப்பான். பத்திரிகையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், பால்கோவா வாங்கிக்கொண்டு போங்கள்.