நான்காவது ஆள் வராத நாளில் துனீ சீட்டாட்டம்: கேள்வி பதில்

கேள்வி (சாட்ஸ்வொர்த்): அண்ணா, மகன் கேப் டவுனுக்கு வேலைக்குப் போய்விட்டதால் வீட்டில் மூவரே இருக்கிறோம். துனீ ஆட வழியுண்டா?

பதில்: உண்டு. நம் தென்னாப்பிரிக்க இந்தியர்கள் ஆடும் துனீ வழக்கமாக நால்வர், இருவர் இருவராகச் சேர்ந்து 24 சீட்டுகளுடன் ஆடும் ஆட்டம். ஒவ்வொரு இனத்திலும் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என 76 புள்ளிகள் இருப்பதால், ஓர் இனத்தை முழுவதுமாக எடுத்து வைத்துவிட்டால் 18 சீட்டுகள் எஞ்சி, ஆளுக்கு வழக்கமான ஆறு கிடைக்கும். முதலில் நான்கைப் போட்டு, துருப்பு (மற்ற இனங்களை வெட்டும் இனம்) வைத்தபின் இரண்டைப் போடுங்கள். துருப்பு வைப்பவர் தனி. மற்ற இருவரும் அந்த ஆட்டத்துக்கு மட்டும் கூட்டாளிகள்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): அப்படியானால் துருப்பு வைத்தவரின் எதிரணி வெல்ல எடுக்கவேண்டிய 105 புள்ளிகளையும் குறைக்க வேண்டாமா?

பதில்: நானும் முதலில் அப்படியே நினைத்து 80 என்று வைத்துப் பார்த்தேன், துருப்பு வைத்தவர் அடுத்தடுத்துத் தோற்றார். நால்வர் ஆட்டத்தில் கடைசிப் பிடியை (சுற்றை) வென்றவருக்குரிய பத்தையும் சேர்த்து மொத்தம் 314. அதில் எதிரணியின் சரிபங்கு 157, அதன் மூன்றில் இரண்டு பங்குதான் ஏறக்குறைய 105. மூவர் ஆட்டத்தில் மொத்தம் 238 ஆகக் குறைந்தாலும், இருவர் சேர்ந்து எதிர்ப்பதால் அவர்களுடைய சரிபங்கு 159 ஆகிறது. அதிலும் மூன்றில் இரண்டு பங்கு 106. ஆகவே பழைய எண்ணே பொருந்துகிறது. மாறுவது ஆட்டத்தின் போக்குதான்: ஓர் இனத்தில் சராசரியாக ஒன்றரைச் சீட்டு இருந்த கையில் இப்போது இரண்டு இருப்பதால், வெட்டு தாமதமாகத்தான் விழும், ஜாக்கி போனபின் ஒன்பதை நம்பி இறக்கலாம்.

கேள்வி (டோங்காட்): ஆட்டத்தில் 'துனீ' என்று சொன்னால் நான்கு பந்து (வெற்றிக் கணக்கு) தானா?

பதில்: ஆறு பிடியையும் தனியாளாக எடுப்பதாகச் சொல்லும்போது எதிரே இரண்டு கைகளே இருப்பதாலும், நம் பிடியைத் தவறிப் பிடித்துவிடும் கூட்டாளி இல்லாததாலும், அது எளிதாகிவிடுகிறது. எங்கள் வீட்டில் மூன்று பந்துதான் கொடுக்கிறோம். கணக்கை ஆளுக்குத் தனியாக எழுதுங்கள். எதிர்த்த இருவரும் வென்றால் இருவருக்கும் ஒவ்வொரு பந்து.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): நானும் மனைவியும் மட்டுமே. இல்லாத கூட்டாளிகளின் கைகளை மேசைமேல் திறந்து வைத்து ஆடலாமா?

பதில்: முழுவதும் திறக்காதீர்கள். 24 சீட்டும் பங்கிடப்படுவதால், திறந்த இரண்டு கைகளையும் உங்கள் கையையும் பார்த்தாலே உங்கள் மனைவியின் ஆறு சீட்டும் தெரிந்துவிடும். பிறகு எதற்கு ஆட்டம்? ஒவ்வொரு கூட்டாளிக் கையிலும் மூன்றைக் கவிழ்த்து, அவற்றின்மேல் மூன்றை நிமிர்த்தி வையுங்கள். மேல் சீட்டை ஆடி அந்தப் பிடி முடிந்தபின்னரே கீழ்ச் சீட்டைத் திருப்ப வேண்டும். இனம் இருந்தும் கவிழ்ந்து கிடந்ததால் போட முடியாமல் போனால் அது குற்றமாகாது. ஜோடியை (ஒரே இனத்து ராஜாவும் ராணியும்) சொந்தக் கையிலிருந்து மட்டும் சொல்லுங்கள். துருப்பு ஜோடிக்கு 40, மற்றதற்கு 20 என்பதில் மாற்றமில்லை.