பியூட்டனாலைப் பிரிக்கும் சவ்வு: ஆய்வுக் கட்டுரையில் போட்டிருக்கும் எண் நமக்கு ஏன் வருவதில்லை?

பிடிஎம்எஸ் (சிலிகோன் ரப்பர் வகைப் பாலிமர்) சவ்வில் நிஜ நொதிக்குழம்பை, அதாவது பாக்டீரியா பியூட்டனால் என்ற ஆல்கஹாலை உண்டாக்கும் திரவத்தை, ஓட்டினால் பாய்வு (சவ்வைத் தாண்டி வரும் அளவு) கட்டுரை எண்ணில் பாதிகூட வரவில்லை, சவ்வு சரியில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி ஆண்டு புராஜெக்ட், மேலே கெடுபிடியான சூப்பர்வைசர் என்று நினைக்கிறேன். பதறாதீர்கள். சவ்வைக் குறை சொல்வதற்கு முன் நீங்கள் ஒப்பிடும் எண் எந்தக் கரைசலில், எந்த வெப்பநிலையில் எடுத்தது என்று பாருங்கள். பெரும்பாலும் வெறும் தண்ணீரில் கலந்த பியூட்டனாலாக இருக்கும், அதுவும் 50, 60 டிகிரியில். சூடு கூடினால் பாய்வும் கூடும். பியூட்டனாலை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா வாழ்வதோ 35, 37 டிகிரியில்.

நான் சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழக லேபில் வருடக்கணக்காகச் சவ்வு வார்ப்பவள். திருச்சியிலிருந்து பிஎச்டி செய்ய வந்த தம்பி ஒருவர் மாதிரிக் கரைசலிலேயே (தண்ணீரில் கலந்த பியூட்டனால்) எல்லாவற்றையும் முடித்துவிடப் பார்த்தார். நிஜக் குழம்பை ஓட்டியே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். "எதுக்குக்கா அந்த நாத்தம்?" என்றார். பியூட்ரிக் அமிலம், கெட்டுப்போன வெண்ணெய் வீச்சம்தான். முதலில் பாய்வு நன்றாக வந்தது, பிறகு இறங்கிக்கொண்டே போனது. சவ்வைப் பொருத்திய கூட்டைக் கழற்றினால், ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) தடத்துக்கு உள்ளே மட்டும் பழுப்பாக ஒரு வழுவழுப்பு, விரலால் தேய்த்தால் உரிந்து வந்தது. அதைப் பார்த்த பிறகு அவர் மாதிரிக் கரைசல் பேச்சையே எடுக்கவில்லை.

மாதிரிக் கரைசல் இல்லாமல் அடிப்படை ஆய்வு ஏது என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு நிறுத்தாதீர்கள் என்கிறேன்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், பியூட்டனால் 2 சதவீதத்தைத் தொடுவதற்குள் அதை உண்டாக்கும் பாக்டீரியாவையே முடக்கிவிடும். கொதிநிலையும் 118 டிகிரி, தண்ணீரைவிட அதிகம். இவ்வளவு நீர்த்த குழம்பை வடித்தெடுக்கப் போனால் ஏகப்பட்ட ஆற்றலைச் செலவழித்துத் தொலைக்க வேண்டும். சவ்வின் மறுபக்கம் வேக்வம் வைத்தால், பியூட்டனால் சவ்வு வழியே ஆவியாக வந்துவிடும், ஊற ஊற எடுத்துவிடலாம். குழம்பில் 1.5 சதவீதம், பிரிப்புக் காரணி 30 (தண்ணீரோடு ஒப்பிட்ட பியூட்டனாலின் விகிதம் மறுபக்கம் 30 மடங்காவது) என்றால், மறுபக்கம் 31 சதவீதம் வரை வரும். கோல்டு டிராப்பில் (ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் குடுவை) உறைந்தது உருகும்போது பாருங்கள், தானாகவே இரண்டு அடுக்காகப் பிரியும். மேலடுக்கில் 80 சதவீதம்போல பியூட்டனால். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: அந்தத் தம்பியின் ஆய்வு பற்றிய கட்டுரையில் என் பெயர் இல்லை. நன்றி சொல்லும் வரியிலும் இல்லை. நான் பாலிடெக்னிக் டிப்ளோமா. "பாலிதானே" என்று சொந்தக்காரர்களே இழுக்கும் ஊரில் லேபை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? ஆனால் சவ்வை வார்த்தது, குமிழி இல்லாமல் ஆறவைத்தது, ராத்திரி பம்ப் நின்றபோது ஓடிவந்தது எல்லாம் இந்தக் கைதான்.

சரி, உங்கள் விஷயம். சென்ட்ரிபியூஜில் சுழற்றி பாக்டீரியா செல்களை நீக்கிவிட்டு, அதே வெப்பநிலையில் திரும்ப ஓட்டுங்கள். பாய்வு இறங்கினால் சவ்வைத் தண்ணீரில் கழுவி மாதிரிக் கரைசலில் சோதியுங்கள். பழைய எண் திரும்பினால் மேலே படிந்த அழுக்குதான் காரணம். திரும்பாவிட்டால் ஏதோ பாலிமருக்குள்ளேயே ஊறியிருக்கலாம், எத்தனாலில் கழுவிப் பாருங்கள். சவ்வின் தடிமனையும் அளந்து எழுதிவையுங்கள். அது தெரியாமல் யாருடைய பாய்வோடும் உங்களுடையதை ஒப்பிட முடியாது.