மவுத்பீஸைத் தேய்க்கக் கொடுக்கும் முன்

கேள்வி: கல்யாணக் கச்சேரிகளில் ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கிறேன், அதுதான் பிழைப்பு. பழைய கருவிகள் விற்கும் ஒரு கடையிலிருந்து ஆன்லைனில் எபொனைட் (இறுக்கிய ரப்பர்) மவுத்பீஸ், அதாவது வாயில் வைத்து ஊதும் முனை, வாங்கினேன். ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று போட்டிருந்தார்கள். மேல் ஸ்தாயியில் கீச்சிடுகிறது. நுனியில் சின்னப் பொக்கை ஒன்றும் தெரிகிறது. நுனியைத் தேய்த்து, அதற்கும் ரீட்டுக்கும் (அதில் கட்டும் மெல்லிய நாணல் பட்டை) உள்ள இடைவெளியை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டால் சரியாகும், சத்தமும் கூடும் என்கிறார் பழுதுபார்ப்பவர். கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். ஒரு முறை உப்புத்தாள் பட்டுவிட்டால், பொக்கை அவர்கள் அனுப்பியபோதே இருந்தது என்று கடைக்காரரிடம் காட்ட வழியில்லாமல் போய்விடும்.

முதலில் உங்கள் பழைய மவுத்பீஸை மாட்டி, புது ரீட் போட்டு வாசியுங்கள். அதிலும் கீச்சிட்டால் கோளாறு துளைகளை மூடும் பேடிலோ, மேல் ஸ்தாயிக்கு அழுத்தும் ஆக்டேவ் கீயிலோ இருக்கலாம். பழையது சுத்தமாகப் பேசினால், நனைத்த ரீட்டைப் புதியதில் கட்டுங்கள். பின்பக்க ஓட்டையை உள்ளங்கையால் அடைத்து, நுனியில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டு எடுங்கள். ரீட் ஓரிரு நொடி ஒட்டி நின்று ‘டப்’பென்று விட வேண்டும். உடனே விட்டுவிட்டால் எங்கோ கசிகிறது. வேறு இரண்டு ரீட்களிலும் அப்படியே என்றால் மவுத்பீஸைச் சந்தேகிக்கலாம்.

அப்புறம் டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து, நுனி விளிம்பில் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். பொக்கை வரும் இடத்தில் நகம் தட்டும். ரீட் அதிரும்போது அந்த இடம் மட்டும் முழுதாக மூடாது. கீச்சொலிக்கு அதுவே போதும்.

அப்படித் தட்டினால் அன்றே படம் எடுத்து, விளம்பரத்தின் படத்தையும் சேர்த்து, பணத்தைத் திருப்பித் தரும்படி கடைக்கு எழுதுங்கள். ‘தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை’ என்று தட்டிக்கழித்தால் அசராதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் பொருள் வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடை பாதிப் பணம் தருகிறது, மவுத்பீஸை நீங்களே வைத்துக்கொள்கிறீர்கள் என்றால் பழுதுபார்க்கலாம். ஆனால் பொக்கையை எடுப்பது ஒரு வேலை, நுனியைத் திறப்பது வேறு வேலை. பொக்கைக்கு, விளிம்பை அதன் ஆழம் வரை பின்னுக்குத் தேய்த்து, இரண்டு பக்க ஓரங்களின் வளைவையும் சமமாகத் திருத்தி, விளிம்பு மறுபடி மெல்லியதாக வர உள்பக்கத்தையும் கொஞ்சம் சீவ வேண்டும். நுனியைத் திறப்பது உங்கள் உதட்டையும் மூச்சையும் மாற்றுகிற வேலை. யமஹா 4சி ஆல்டோ மவுத்பீஸின் நுனி இடைவெளி 1.60 மி.மீ., செல்மர் எஸ்80 சி ஸ்டாருடையது 1.70 மி.மீ. வித்தியாசம் ஒரு ஏ4 தாளின் கனம்தான். அதற்கே வாசிப்பு மாறுகிறது. திறப்பு கூடினால் ஸ்வரத்தை வளைப்பது எளிது, கமகத்துக்கு நல்லது. ஆனால் மூச்சு அதிகம் பிடிக்கும், மெல்லிய ரீட் தேவைப்படும், களைத்தால் சுருதி நழுவும். முகூர்த்தம் முடியும்வரை நின்று வாசிப்பவர் இதை யோசிக்க வேண்டும்.

வேலைக்காரரிடம் ஒன்றே கேளுங்கள்: ‘எதை வைத்து அளப்பீர்கள்?’ ஓரங்களின் வளைவை அளக்கக் கோடு போட்ட கண்ணாடி கேஜும், பைக் மெக்கானிக் டேப்பெட் பார்க்கிற மாதிரி ஃபீலர் தகடுகளும் அவரிடம் இருக்க வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவை எழுதி வாங்குங்கள். கண்ணளவில் தேய்ப்பவரிடம் ஒருமுறை கொடுத்து, இடது ஓரம் வலதைவிடத் தாழ்ந்து வந்தது எனக்கு. எந்த ரீட்டும் அதில் ஒழுங்காக உட்காரவில்லை. பத்து வருஷம் வாசித்த மவுத்பீஸ், இன்றும் மனசு ஆறவில்லை.

கேள்வி: என் கறுப்பு மவுத்பீஸ் பச்சையாக மாறி, ஒரு மாதிரி வாடை அடிக்கிறது. கொதிநீரில் கழுவலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். எபொனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெயிலும் சூடும் பட்டால் கந்தகம் மேலே வரும். நிறமும் வாடையும் அதனால்தான். கொதிநீர் அதை இன்னும் கூட்டும், வளைவையும் கெடுக்கும். ஆறின தண்ணீர், துளி சோப்பு, மெல்லிய துணி போதும். பெட்டியை வண்டிக்குள் வெயிலில் விடாதீர்கள். பச்சை நிறத்தால் சத்தத்துக்குக் குறையில்லை. அதற்காகப் பாலிஷ் போடச் சொல்லிக் காசு கொடுக்க வேண்டாம், பாலிஷ் போடுகிறவர் நுனியையும் சேர்த்துத் தேய்த்துவிடுவார்.