பீட்டில் சேஸிஸில் கட்டிய எம்ஜி டிடி நகல்கள்: கேள்வி பதில்

1949 முதல் 1953 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான எம்ஜி டிடி ஸ்போர்ட்ஸ் காருக்கு முன், பின் சக்கரங்களுக்கு இடையே 94 அங்குலம். பின்னால் இன்ஜின் உள்ள ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்கு 94.5. அரை அங்குலம்தான் வித்தியாசம் என்பதால், பீட்டிலின் அடித்தளத்தை வெட்டாமலே மேலே ஃபைபர் பாடியை உட்கார வைக்கும் கிட்கள் அமெரிக்காவில் ஏராளமாக விற்றன. மெர்சிடீஸ் எஸ்எஸ்கே என்ற பழைய காரின் சாயலில் வந்த கஸெல் கிட்டிலும் ஒரு வகை பீட்டில் மேல்தான் கட்டப்பட்டது.

பதில்களுக்குள் போகும் முன் ஒன்று. பீட்டிலின் இரும்பு பாடி மூன்று வேலை செய்தது. மின்சாரம் திரும்பிப் போக வழி கொடுத்தது, இன்ஜினுக்கு மேலே குளிர்காற்றையும் கீழே சூட்டுக்காற்றையும் பிரித்தது, முன்சக்கரங்கள் மேல் எடை வைத்தது. பாடியைக் கழற்றியதும் மூன்றும் போய்விட்டன. குரோம் சாமான் வாங்கும் முன் இந்த மூன்றையும் வண்டிக்குத் திருப்பிக் கொடுங்கள்.

ராஜ்குமார்: இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது. பிரேக் மிதித்தால் பின்விளக்கு மங்குகிறது. சுவிட்ச் எல்லாம் மாற்றிவிட்டேன் சார்.

சுவிட்சில் குறை இல்லை. எர்த் இல்லை. ஃபைபரில் மின்சாரம் ஓடாது. விளக்கை ஃபைபரில் போல்ட் போட்டு மாட்டினால் அதற்கு எர்த்தே கிடையாது; அது பக்கத்து விளக்கின் இழை வழியாகத் திரும்பி வரப் பார்க்கும். நீங்கள் பார்க்கும் கூத்து அதுதான்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒன்று, இன்ஜின் அறையில் ஒன்று என்று இரண்டு பித்தளைப் பட்டை வையுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் 10 சதுர மி.மீ. ஒயர் ஒன்றை அடித்தளத்துக்கு இறக்குங்கள். இறங்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளப்பான இரும்பில் நட்சத்திர வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பிறகு ஒவ்வொரு விளக்கு, மீட்டர், ஹாரனுக்கும் தனித்தனியாகப் பட்டைக்கு ஒயர் ஓடட்டும். ஃபோக்ஸ்வேகன் வழக்கப்படி எர்த்துக்குப் பழுப்பு நிற ஒயரையே போட்டால் பின்னால் பார்ப்பவருக்குக் குழப்பம் வராது.

சோதிப்பது சுலபம். விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் உலோக உடலிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

கியர்பாக்ஸ் மூக்கிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பின்னல் பட்டையையும் மறக்காதீர்கள். கியர்பாக்ஸ் ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டை அரித்துப்போனால் ஸ்டார்ட்டர் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சுட்டு, குழாய்க்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

விமலா: ஹாரன் அடிக்கவில்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது.

எர்த்தான். பீட்டில் ஹாரன் பட்டனின் எர்த், ஸ்டீயரிங் தண்டு வழியாக இறங்கி, ரப்பர் கப்ளிங்கைத் தாண்டும் சின்ன ஒயர் மூலம் ஸ்டீயரிங் பாக்ஸுக்குப் போகிறது. அந்தச் சின்ன ஒயர் அறுந்திருக்கும், அல்லது கிட் கட்டியவர் போடவே இல்லை.

செந்தில்: 1600 சிசி இரட்டைப் போர்ட் இன்ஜின். நெடுஞ்சாலையில் 20 நிமிடம் ஓட்டினால் ஆயில் விளக்கு ஐடிலில் மினுக்குகிறது. பெரிய ஆயில் கூலர் போடலாமா?

வேண்டாம், முதலில் காற்றைப் பாருங்கள். இந்த இன்ஜினுக்கு ரேடியேட்டரே இல்லை. ஃபேன் மேலிருந்து இழுக்கும் காற்றுதான் எல்லாம். பீட்டிலில் இன்ஜினைச் சுற்றி ஓடும் தகடும், அதற்கும் பாடிக்கும் இடையிலான ரப்பரும் சேர்ந்து ஒரு தளம் மாதிரி மூடிவிடும். சிலிண்டரைக் குளிர்வித்த சூட்டுக்காற்றும் எக்ஸாஸ்ட் சூடும் அந்தத் தளத்துக்குக் கீழே போய்விடும். கிட்டில் இந்தத் தளத்துக்கும் ஃபைபருக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி சாதாரணம். சூட்டுக்காற்று அதன் வழியே ஏறி, ஃபேன் அதையே மறுபடி இழுக்கிறது.

எப்படி அடைப்பது? அட்டையில் மாதிரி வெட்டிப் பொருத்திப் பாருங்கள். அதே வடிவில் 1.2 மி.மீ. அலுமினியத் தகடு வெட்டி, ஃபைபர் பக்கம் ரிவெட் அடியுங்கள். இன்ஜின் பக்க விளிம்பில் குமிழ் ரப்பர் பீடிங் போடுங்கள். இன்ஜின் ஆடும், ஆகவே உலோகத்தோடு உலோகம் உரசக் கூடாது. சாதா ஸ்பாஞ்ச் ஒட்டாதீர்கள், எக்ஸாஸ்ட் பக்கம் எரியும். நான்கு பிளக் ஒயர்களிலும் தகட்டு ஓட்டையை மூடும் ரப்பர் தொப்பி இருக்க வேண்டும். ஹீட்டரைக் கழற்றியிருந்தால் ஃபேன் கூண்டிலிருந்து ஹீட்டருக்குப் போகும் இரண்டு வாய்களையும் மூடுங்கள். திறந்து கிடந்தால் சிலிண்டருக்குப் போகவேண்டிய காற்று அதில் வீணாகும். சிலிண்டர்களுக்கு அடியில் புஷ்ராடு குழாய்களுக்கு மேல் வரும் காற்றுத் திருப்பித் தகடுகளும் இருக்கின்றனவா பாருங்கள். கட்டியவர்கள் அதிகம் தொலைப்பது இதைத்தான்.

பிறகு ஒரு தெர்மாமீட்டர் முனையை ஃபேன் வாயருகே கட்டி 15 நிமிடம் ஓட்டுங்கள். வெளிக்காற்றைவிட 10 டிகிரிக்கு மேல் கூடினால் இன்னும் எங்கோ ஓட்டை இருக்கிறது, அல்லது மூடியில் காற்று வர வழி போதவில்லை.

பாபு: இதை ஒப்புக்கொள்ள முடியாது. மணலில் ஓட்டும் டியூன் பக்கிகளில் இதே இன்ஜின் திறந்தபடிதான் ஓடுகிறது. சுற்றுத் தகடும் இல்லை, ரப்பரும் இல்லை.

பக்கியில் இன்ஜின் வெட்டவெளியில் இருக்கிறது. சூட்டுக்காற்று சிதறிப் போய்விடும், ஃபேனிடம் திரும்பி வராது. உங்கள் டிடி நகலில் இன்ஜின் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. பக்கியை உதாரணம் காட்ட வேண்டுமானால் பின் பாடியையும் கழற்றிவிட்டுக் காட்டுங்கள். பக்கியிலும் சிலிண்டர் மேலுள்ள தகடுகளையும் அடித் தகடுகளையும் யாரும் கழற்றக் கூடாது.

பாபு: சரி, தெர்மோஸ்டாட்? டெக்சாஸ் வெயிலில் அது எதற்கு? நானும் தெரிந்த நான்கு பேரும் அதை, காற்றுப் பாதையைத் திறந்து மூடும் மடல்களோடு சேர்த்துக் கழற்றிவிட்டோம், ஓடுகிறது.

ஓடும். எவ்வளவு நாள் என்பதுதான் கேள்வி. தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 65–70 டிகிரியில் மடல்களைத் திறக்கிறது. அதுவரை இன்ஜின் சீக்கிரம் சூடேறுகிறது. குளிர்ந்த இன்ஜினில்தான் தேய்மானம் அதிகம், டெக்சாஸாக இருந்தாலும் காலை ஸ்டார்ட் குளிர்ந்த ஸ்டார்ட்தான். இன்னொன்று, மடல்கள் திறந்த நிலையிலும் வேலை செய்கின்றன. காற்றை சிலிண்டர் ஹெட்டுகளின் பக்கமும் ஆயில் கூலரின் பக்கமும் திருப்பிவிடுவது அவைதான். தெர்மோஸ்டாட் கிடைக்கவில்லை என்றால் மடல்களைத் திறந்த நிலையில் கம்பியால் கட்டுங்கள். கழற்றி வீசாதீர்கள்.

செந்தில்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அப்படியானால் கூலர் வேண்டவே வேண்டாமா?

காற்றை அடைத்து, பற்றவைப்பு நேரத்தைச் சரிபார்த்த பிறகும் சூடு இருந்தால் பேசலாம். உங்கள் ஃபேன் கூண்டு 1971க்கு முந்தையதா என்றும் பாருங்கள். பழையதில் ஆயில் கூலர் காற்றுப் பாதையின் நடுவிலேயே நின்று 3ஆம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறிக்கும். 1971 முதல் அதைத் தனியாக வெளியே தள்ளினார்கள். அந்தப் புதிய கூண்டு, வெளியே மாட்டும் கூலரைவிட நல்ல செலவு.

ஜோசப்: பெட்ரோல் வாடை வருகிறது. லேசாகத்தான்.

லேசாக என்று ஒன்று இல்லை. இன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். துணிப்பின்னல் போட்ட பழைய ஹோஸ் எத்தனால் கலந்த பெட்ரோலில் உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் வாங்கி, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லாத் துண்டுகளையும் மாற்றி, இரு முனையிலும் கிளாம்ப் போடுங்கள். ஃபில்டர் இன்ஜின் அறைக்குள், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேல் தொங்கினால், அதை எடுத்து கியர்பாக்ஸ் பக்கம் வையுங்கள். கார்புரேட்டரின் பித்தளை நுழைகுழாயைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். வெறும் அழுத்தத்தில் நிற்பது அது. கழன்றால் பெட்ரோல் நேராகச் சூடான இன்ஜின்மேல் கொட்டும். மரையிட்டுத் திருகும் குழாயாக மாற்றுங்கள். ஃபைபர் பாடி தீப்பிடித்தால் அணைக்க நேரம் கிடைக்காது.

மணி: ஃபியூயல் கேஜ் முள் அசையவே இல்லை.

டேங்க் மிதவைக்கு எர்த். ராஜ்குமாருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கீதா: டேப்பட் நாமே சரிசெய்யலாமா? எவ்வளவு வைப்பது?

தாராளமாகச் செய்யலாம், 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை செய்யவும் வேண்டும். இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்கணும். இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு இரண்டுக்கும் இடைவெளி 0.15 மி.மீ. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, புல்லி குறி மேலே வந்து ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்பிலுள்ள வெட்டைக் காட்டும்படி நிறுத்துங்கள். அது 1ஆம் சிலிண்டர்: வண்டியின் வலப்பக்கம், முன்னால் இருப்பது. அதை முடித்துவிட்டு புல்லியைப் பின்னோக்கி, அதாவது இடஞ்சுழியாக, அரைச் சுற்று சுற்றினால் 2, அடுத்து 3, அடுத்து 4. ஃபீலர் கேஜ் லேசாக இழுபட்டுக்கொண்டு வரணும். 13 மி.மீ. நட்டை இறுக்கியபின் மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கும்போது மாறும்.

ஒரே எக்ஸாஸ்ட் வால்வில் ஒவ்வொரு முறையும் இடைவெளி குறைந்திருந்தால் அந்த வால்வின் தண்டு நீள்கிறது. அடுத்து தலை முறிந்து சிலிண்டருக்குள் விழும். ஹெட்டைக் கழற்றிவிடுங்கள்.

அருண்: 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அலைகிறது. முன்பக்கத்தை இறக்கினேன், இன்னும் மோசம்.

முன்னால் எடை குறைந்ததால் மூக்கு தூக்கி நிற்கிறது, இறக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் இறக்கினால் காஸ்டர் கோணம், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறையும். சக்கரம் தானாக நேருக்குத் திரும்பும் குணம் போய்விடும். முன் பீமின் கீழ்க்குழாய்க்கும் சேஸிஸ் தலைக்கும் இடையே காஸ்டர் ஷிம் என்ற சின்னத் தகடு வைத்து, நீளமான போல்ட் போடுங்கள். டயர் காற்று ரேடியலுக்கு முன் 18, பின் 27 பிஎஸ்ஐயிலிருந்து தொடங்குங்கள். நான்கிலும் 30 அடித்து வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்டீயரிங் பாக்ஸைக் கண்டபடி முறுக்காதீர்கள், நடுவில் பிடித்துக்கொள்ளும்.

சென்னையிலிருந்து ஒருவர்: அண்ணா, இங்கே ஒரு பீட்டிலை வாங்கி இப்படிக் கட்டலாமா?

தம்பி, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தயாரிப்பாளரின் மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற விடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆர்டிஓவிடம் எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு போல்ட்டையும் கழற்றாதீர்கள்.

ஸ்டீபன்: என் கஸெல் ஃபோர்டு பின்டோ சேஸிஸ். கார்புரேட்டர் பற்றிச் சொல்லுங்கள்.

முன்னால் இன்ஜின், தண்ணீர் குளிர்விப்பு. அது வேறு வண்டி. பின்டோ தெரிந்தவரிடம் கேளுங்கள். எர்த் விஷயம் மட்டும் உங்களுக்கும் பொருந்தும்.

லோகன்: கதவுக் கீல் பக்கம் நட்சத்திர வெடிப்பு. புட்டி போட்டால் மறுபடி வருகிறது.

வெடிப்பு மேல்பூச்சில் தெரிகிறது, காரணம் அடியில் ஃபைபர் வளைவது. கீலுக்குப் பின்னால் இரும்புத் தகடு வைத்து அழுத்தத்தைப் பரப்புங்கள். வெடிப்பு முடியும் வரை தேய்த்து எடுத்து, ஓரங்களைத் தடிமனைப்போல் 12 மடங்கு சரிவாக்குங்கள்: 3 மி.மீ. ஃபைபருக்கு 36 மி.மீ. பாலியெஸ்டர் ரெசினில் எடைக்கு 1 முதல் 2 சதவீதம், அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட். 100 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள், கிண்ணத்திலேயே கட்டியாகும். எபாக்ஸி போட்டீர்களானால் அதன்மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் மேல்பூச்சு சரியாகப் பிடிக்காது, பெயின்ட்தான்.

டேவிட்: 009 டிஸ்ட்ரிபியூட்டர். ஆக்ஸிலரேட்டர் மிதித்ததும் ஒரு தடுமாற்றம்.

009இல் வேக்குவத்தால் பற்றவைப்பை முன்தள்ளும் அமைப்பு கிடையாது, 34 பிக்ட்-3 கார்புரேட்டரோடு இது இருக்கத்தான் செய்யும். வேக்குவம் உள்ளதைப் போடுங்கள். அதன் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் பற்றவைப்பை 7.5 டிகிரி முன்னால் வையுங்கள்.

கதிர்: ரிவர்ஸ் லைட் எரியவில்லை சார்.

ராஜ்குமாருக்குச் சொன்ன முதல் பதில்தான்.

நளினி: சீட் பெல்ட் எங்கே மாட்டுவது? முன்பக்க டிஸ்க் பிரேக்கும் போடுகிறேன்.

பெல்ட்டை ஃபைபரில் மாட்டவே கூடாது. பெரிய வாஷர் வைத்தாலும் பிய்த்துக்கொண்டு வரும். அடித்தளத்தின் நடுவே ஓடும் சுரங்கப்பகுதியிலோ, அதோடு வெல்டிங் செய்த சட்டத்திலோ, 3 மி.மீ. இரும்புத் தகடு பின்னால் வைத்து 7/16 அங்குல பெல்ட் போல்ட்டைப் போடுங்கள். டிஸ்க் கிட் வாங்கும் முன் அது சக்கரத்தை எவ்வளவு வெளியே தள்ளும் என்று கேளுங்கள். மட்கார்டில் டயர் உரசும். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டர், பிரேக் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். டிஸ்க்கில் அது பேடை விடாமல் அழுத்திச் சூடாக்கும். ஆகவே மாஸ்டர் சிலிண்டரையும் டிஸ்க்குக்கு ஏற்றதாக மாற்றி, புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே 1 மி.மீ. இடைவெளி விடுங்கள்.