பென்ஷன் பிடித்தத்தை நிறுத்திவிடலாமா?

லண்டன் வந்து இரண்டாவது பேஸ்லிப்பிலேயே பென்ஷன் என்று 79 பவுண்டு பிடித்துவிட்டார்கள், சந்தையும் ஆட்டம் கண்டிருக்கிறது, ஐந்தாறு வருடத்தில் கோயம்புத்தூர் திரும்பப்போகிற எனக்கு இது எதற்கு, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. 2009இல் எனக்கும் இதே சந்தேகம் வந்தது. யாரிடமும் கேட்காமல் நேராக எச்.ஆரிடம் போய்ப் படிவத்தை நீட்டிவிட்டேன்.

முதலில் அந்த 79 பவுண்டைப் பார்ப்போம். மாதம் 2,500 சம்பளம் என்கிறீர்கள். முதல் 520ஐ விட்டுவிட்டு மிச்சம் 1,980க்குத்தான் கணக்கு. உங்கள் கையிலிருந்து 79.20. வரிச் சலுகையாக அரசு சேர்ப்பது 19.80. கம்பெனி போடுவது 59.40. ஆக மொத்தம் 158.40. போட்ட அன்றே இரட்டிப்பு! ஊரில் யாராவது இப்படிச் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு ஓடிவிடுங்கள். இங்கே இது சட்டப்படியான குறைந்தபட்சம்.

நாம் பி.எஃப். பார்த்து வளர்ந்தவர்கள். இவ்வளவு வட்டி என்று அறிவிப்பார்கள், பாஸ்புக்கில் தொகை ஏறும், இறங்காது. இங்கே உங்கள் பணத்துக்கு யூனிட், அதாவது சந்தையில் முதலீடு செய்யும் நிதியில் சிறு சிறு பங்கு, வாங்குகிறார்கள். விலை இறங்கினால் தொகையும் இறங்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. 2008இல் லண்டன் சந்தைக் குறியீடு ஒரே வருடத்தில் 31 சதவீதம் விழுந்தது. அடுத்த மார்ச்சில் வந்த கடிதத்தில், ஆறாயிரம் போட்ட இடத்தில் நாலாயிரத்துச் சொச்சம். கைநடுங்க அதை மனைவியிடம் காட்டினேன். மறுநாளே நிறுத்தினேன். யூனிட் அடிமாட்டு விலைக்குக் கிடைத்த நேரம் அது. கம்பெனியின் பங்கையும் சேர்த்து வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். 2013இல் ஊழியர்களைத் தானாகவே பென்ஷனில் சேர்க்கும் சட்டம் எங்கள் கம்பெனிக்கு வந்தபோதுதான் திரும்பச் சேர்ந்தேன். வேடிக்கை என்னவென்றால், தொடாமல் விட்டுவைத்த அந்த நாலாயிரம் அதற்குள் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தது. நின்றுபோனது நான்தான்.

என்னோடு வேலை பார்த்த வெள்ளைக்காரப் பெரியவர்களுக்கு வேறு பயம். பென்ஷன் என்றாலே மேக்ஸ்வெல் பெயரை எடுப்பார்கள். மிரர் பத்திரிகை முதலாளி. 1991இல் படகிலிருந்து விழுந்து இறந்தார். அதன்பிறகு பார்த்தால் ஊழியர்களின் பென்ஷன் நிதியில் சுமார் 46 கோடி பவுண்டைக் காணோம். அது திருட்டு. அதைத் தடுக்கத்தான் 1995இல் சட்டத்தை இறுக்கினார்கள். உங்களுடையது போன்ற கணக்கில் பணம் கம்பெனியின் கல்லாவில் இருப்பதில்லை. கம்பெனி மூழ்கினாலும் அதோடு போகாது. சந்தை இறங்குவது வேறு, திருடு போவது வேறு. மந்தநிலை வந்தால் ஜனங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சந்தை ஏறும்போதோ யாரும் எதையும் கேட்பதில்லை.

சரி, ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது உங்கள் வயதுக்காரர்களுக்கு அல்ல. 2022இல் ஓய்வுக்கு ஒரு வருடமே இருந்த நண்பரின் பணத்தை, பாதுகாப்பு என்று சொல்லிக் கடன் பத்திரங்களுக்கு மாற்றியிருந்தார்கள். அந்த வருடம் வட்டி ஏறியது, பத்திர விலை சரிந்தது. செப்டம்பரில் அரசு போட்ட மினி பட்ஜெட்டுக்குப் பிறகு, இந்நாட்டு மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்தே பத்திரம் வாங்க இறங்க வேண்டியதாயிற்று. அவர் ஓய்வை இரண்டு வருடம் தள்ளிப்போட்டார். உங்களுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

ஊர் திரும்பினாலும் பணம் உங்கள் பெயரில்தான் இருக்கும். ஆனால் எடுக்க 55 வயதாக வேண்டும். 2028 ஏப்ரலிலிருந்து 57. இதுதான் உண்மையான சிக்கல், மறைக்கமாட்டேன். ஊரில் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் நிறுத்துங்கள், தப்பில்லை. சேர்த்த ஒரு மாதத்துக்குள் விலகினால் பிடித்தது திரும்பி வரும். அதற்குப் பிறகு என்றால் போட்டது உள்ளேயே கிடக்கும். வெறும் பயத்துக்காக மட்டும் வேண்டாம். முன்னாடியே எடுத்துத் தருகிறேன் என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். வரியே 55 சதவீதம் வரை போகும்.

அப்புறம், இணையக் கணக்கில் அலுவலக மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள், சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள். நாமினி இடத்தில் அம்மா பெயரை இன்றைக்கே போட்டுவிடுங்கள். நான் அதைக் காலியாகவே பதினோரு வருடம் விட்டிருந்தேன்.